தடையைத் தாண்டிய மகளிர் காற்பந்து
இங்கிலாந்துத் தேசியக் குழு வளர்ந்த வரலாறு

தோட்டப்புற வாழ்வோடு நெருங்கிக் கலந்த விளையாட்டு காற்பந்து. மரம் வெட்டி, பாலை நிறுத்துக் கொடுத்து வீடு திரும்பிய இளைஞர்கள் மாலையில் திடலில் கூடுவதும், தோட்டத்துக்குத் தோட்டம் கிண்ணப் போட்டி நடத்துவதும் நாம் நன்கறிந்தவையே. ஆயினும், திடலின் ஓரத்தில் நின்று பார்க்கும் பெண்பிள்ளைகளை ஆட்டத்துக்கு அழைப்பவர் அரியர். காற்பந்து ஆண்களுக்கே உரியது என்னும் எண்ணம் நம்முள் அத்துணை ஆழமாக வேரூன்றியிருக்கிறது.

இவ்வெண்ணம் இயற்கையின் நியதியா? அன்றி மனிதர் வகுத்த விதியா? இவ்வினாவுக்கு விடை காண, காற்பந்தின் தாயகம் எனப்படும் இங்கிலாந்தின் மகளிர் தேசியக் குழு வளர்ந்த வரலாற்றை ஆராய்வோம். அக்குழு 2022-ஆம் ஆண்டிலும் 2025-ஆம் ஆண்டிலும் ஐரோப்பிய வெற்றியாளர் பட்டத்தை வென்றது. அதே நாட்டில்தான் ஏறத்தாழ 50 ஆண்டுக் காலம் பெண்களுக்குக் காற்பந்துத் திடல்களின் கதவுகள் அடைக்கப்பட்டிருந்தன. இவ்விரண்டு உண்மைகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் இவ்வரலாற்றின் பொருள் விளங்கும்.

தொழிற்சாலையில் பிறந்த ஆட்டம்

1914-ஆம் ஆண்டில் முதலாம் உலகப்போர் மூண்டது. ஆண்கள் போர்முனைக்குச் சென்றுவிடவே, அவர்கள் விட்டுச் சென்ற வேலைகளைப் பெண்கள் ஏற்றனர். குண்டுகளும் வெடிமருந்தும் செய்யும் ஆலைகளில் இலட்சக்கணக்கான பெண்கள் வேலைக்கு அமர்ந்தனர். அவர்கள் செய்தவை எளிய வேலைகள் அல்ல. நீண்ட நேரம் நின்றபடியே உழைத்தனர். பளுவான இரும்புக் குண்டுகளைத் தூக்கினர். நச்சுப் பொருள்களுக்கு நடுவே மூச்சுவிட்டனர்.

இங்கிலாந்தின் வட பகுதியில் பிரஸ்டன் என்னும் நகரம் உள்ளது. அங்கே டிக் கெர் என்னும் நிறுவனத்தின் தொழிற்சாலை இயங்கிவந்தது. டிராம் வண்டிகள் செய்துவந்த அவ்வாலை, போர்க்காலத்தில் குண்டு செய்யும் ஆலையாக மாறியது. அங்கு உழைத்த பெண்கள் உணவு இடைவேளையில் முற்றத்தில் பந்துதைத்து விளையாடினர். அலுவலகத்தில் பணிபுரிந்த ஆல்பிரட் பிராங்க்லண்டு என்பவர் அவர்களின் திறனைக் கண்டு, முறையான குழுவாக அவர்களைத் திரட்டினார்.

1917-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, பிரஸ்டனின் டீப்டேல் திடலில் இக்குழு மற்றோர் ஆலையின் மகளிர் குழுவை எதிர்த்தாடி 4-0 என வென்றது. பார்க்க வந்தவர்கள் ஏறத்தாழ 10,000 பேர். வசூலான பணம் போரில் காயமுற்ற வீரர்களின் மருத்துவமனைக்குச் சென்றது. அது முதல், அறச்செயலுக்கு நிதி திரட்டுவதே இம்மகளிர் ஆட்டங்களின் நோக்கமாயிற்று. 1920 டிசம்பரில் வேலையற்ற முன்னாள் போர்வீரர்களுக்காக இரவு ஆட்டம் ஒன்றையும் நடத்தினர். போர்த் துறை அமைச்சின் இசைவுடன் பெற்ற இராணுவத் தேடுவிளக்குகளின் ஒளியில் அவ்வாட்டம் நடந்தது.

அக்குழுவின் புகழ்மிக்க ஆட்டக்காரர் லில்லி பார். உழைப்பாளர் குடும்பத்தில் 1905-ஆம் ஆண்டு பிறந்த அவர், இளம் வயதிலேயே குழுவில் சேர்ந்து, 1951-ஆம் ஆண்டு வரை ஆடினார். அவருடைய இடக்கால் உதையின் வேகம் ஆண் ஆட்டக்காரர்களையே வியக்க வைத்தது. பிற்காலத்தில் மருத்துவமனையில் தாதியாகப் பணிபுரிந்தபடியே அவர் ஆட்டத்தைத் தொடர்ந்தார்.

1920 டிசம்பர் 26-ஆம் நாள் லிவர்பூல் நகரின் கூடிசன் பார்க் திடலில் டிக் கெர் மகளிர், செயின்ட் ஹெலன்ஸ் மகளிரை எதிர்த்தாடினர். 53,000 பேர் திடலை நிறைத்தனர். உள்ளே இடமின்றி ஆயிரக்கணக்கானோர் வெளியே நின்றனர். அந்த ஒரே நாளில் 3,000 பவுண்டுக்கு மேல் வசூலாயிற்று. பெண்கள் ஆடினால் பார்ப்பதற்கு ஆளில்லை என்று இன்றும் கூறுவோர் உண்டு. அவர்களுக்கு இந்நிகழ்ச்சி ஒன்றே போதிய மறுமொழியாகும்.

ஒரு தீர்மானமும் அதன் விளைவும்

இந்த வளர்ச்சி ஓராண்டுக்குள் தடைப்பட்டது. 1921 டிசம்பர் 5-ஆம் நாள், ஆங்கிலக் காற்பந்துச் சங்கம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. காற்பந்து பெண்களுக்கு ஏற்ற விளையாட்டன்று. அதனை ஊக்குவித்தல் ஆகாது. சங்கத்தில் சேர்ந்த கழகங்கள் தங்கள் திடல்களைப் பெண்களின் ஆட்டங்களுக்குத் தரக் கூடாது என்பதே அதன் சாரம். வசூலான பணத்தில் மிகுந்த பகுதி செலவுக்கே போய்விடுகிறது என்னும் குற்றச்சாட்டும் அதில் சேர்க்கப்பட்டது.

காற்பந்து பெண்ணின் உடலுக்குத் தீங்கு செய்யும் என்று மருத்துவர் சிலரும் அக்காலத்தில் கூறினர். இதில் உள்ள முரண்பாட்டை நாம் கவனிக்க வேண்டும். போர்க்காலத்தில் அதே பெண்கள் பளுவான குண்டுகளைத் தூக்கியபோது, உடல் தாங்குமா என்று தடை போட எவரும் முன்வரவில்லை. தோல்பந்தை உதைத்தபோதுதான் அவர்களின் உடல்நலம் பற்றிய கவலை எழுந்தது. உழைப்பதற்கு வலிமை உண்டு, விளையாடுவதற்கு வலிமை இல்லை என்பது நேர்மையான வாதமாகாது.

அத்தீர்மானம் பெண்கள் பந்தாடுவதையே குற்றமாக்கவில்லை. ஆயினும், திடலைப் பறித்தது. திடல் இல்லையேல் பார்வையாளருக்கு இருக்கை இல்லை. பார்வையாளர் இல்லையேல் வசூல் இல்லை. வசூல் இல்லையேல் பயிற்சிக்கும் பயணத்துக்கும் வழியில்லை. ஒரு மரத்தை வெட்டாமலே அதற்குச் செல்லும் நீரை அடைப்பது போன்றது அச்செயல். பூங்காக்களிலும் வயல்வெளிகளிலும் பெண்கள் தொடர்ந்து ஆடினர். டிக் கெர் மகளிர் 1922-ஆம் ஆண்டு அமெரிக்காவுக்குச் சென்று ஆண்கள் குழுக்களை எதிர்த்தாடினர். 1965-ஆம் ஆண்டு வரை குழுவைக் காத்தனர். ஆனால் 53,000 பேர் கூடிய காட்சியை அத்தலைமுறை மீண்டும் காணவில்லை.

மீண்டும் தளிர்த்த காலம்

1966-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஆண்கள் குழு உலகக் கிண்ணத்தை வென்றது. அந்த ஆர்வம் பெண்களையும் பற்றிக்கொண்டது. 1969-ஆம் ஆண்டு மகளிர் காற்பந்துச் சங்கம் தோன்றியது. அதனை உருவாக்க முன்னின்று உழைத்தவர் ஆர்தர் ஹாப்ஸ். 1970-களின் தொடக்கத்தில் பழைய தடை நீங்கியது. 1971-ஆம் ஆண்டில் ஐரோப்பியக் காற்பந்துச் சங்கங்களின் ஒன்றியமும், மகளிர் ஆட்டத்தைத் தத்தம் நாட்டுச் சங்கங்கள் பொறுப்பேற்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது.

1972 நவம்பர் 18-ஆம் நாள் இங்கிலாந்து மகளிர் தேசியக் குழு தன் முதல் அதிகாரபூர்வ ஆட்டத்தை ஸ்காட்லாந்தின் கிரீனக் நகரில் ஆடியது. முதலில் இரண்டு கோல் பின்தங்கிய குழு, இறுதியில் 3-2 என வென்றது. குழுத் தலைவி ஷீலா பார்க்கர். முதல் கோலைப் போட்டவர் சில்வியா கோர்.

ஆட்டக்காரர்கள் வேறு வேலை பார்த்தே வாழ்ந்தனர். ஆயினும் குழு முன்னேறியது. 1984-ஆம் ஆண்டு நடந்த முதல் ஐரோப்பிய மகளிர் போட்டியின் இறுதிச் சுற்றில் சுவீடனைச் சந்தித்தது. முதல் ஆட்டத்தில் சுவீடன் 1-0 என வென்றது. லூட்டன் நகரில் சேறு நிறைந்த திடலில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் இங்கிலாந்து 1-0 என வென்றது. பின்னர், பினால்டி உதைகளில் சுவீடன் கிண்ணத்தைப் பெற்றது.

பயிற்சி, ஊதியம், போட்டித் தொடர்

ஒரு தேசியக் குழு ஆர்வத்தால் மட்டும் உயர்ந்துவிடாது. அதற்குக் கீழே அடுக்கடுக்காக அமைப்பு வேண்டும். 1993-ஆம் ஆண்டு, ஒருகாலத்தில் தடை விதித்த அதே காற்பந்துச் சங்கம் மகளிர் ஆட்டத்தை நேரடிப் பொறுப்பில் ஏற்றது. 1995-ஆம் ஆண்டு இங்கிலாந்து முதன்முறையாக உலகக் கிண்ணப் போட்டியில் கலந்துகொண்டு கால் இறுதிச் சுற்றை எட்டியது. ஆயினும் 1999, 2003 ஆகிய இரு உலகக் கிண்ணப் போட்டிகளுக்கும் அது தகுதி பெறவில்லை.

1998-ஆம் ஆண்டு ஹோப் பவல் தேசியப் பயிற்றுநராக அமர்த்தப்பட்டார். இங்கிலாந்துக்காக 66 ஆட்டங்கள் ஆடியவர் அவர். ஜமைக்காவிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகள். அப்பதவியை ஏற்ற முதல் பெண்மணியும் முதல் கறுப்பினத்தவரும் அவரே. முதன்மைக் குழுவை மட்டும் பாராமல், வயது வாரியான இளையோர் குழுக்களை வளர்ப்பதிலும் அவர் கருத்தைச் செலுத்தினார். 2003-ஆம் ஆண்டு ஐரோப்பாவின் மிக உயர்ந்த பயிற்றுநர் சான்றிதழைப் பெற்ற முதல் பெண்மணியானார்.

அடுத்த சிக்கல் ஊதியம். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு ஓடுபவர், முழுநேரமும் பயிற்சி பெறும் எதிரணியோடு சமமாக நிற்க முடியாது. உழைப்பின் களைப்பை அறிந்த நமக்கு இதனை விளக்கத் தேவையில்லை. 2009-ஆம் ஆண்டு சங்கம் 17 ஆட்டக்காரர்களுக்கு ஆண்டுக்கு 16,000 பவுண்டு வழங்கும் ஒப்பந்தத்தைச் செய்தது. அது பெருந்தொகை அன்று. எனினும், பயிற்சிக்கென நேரம் ஒதுக்க வழிசெய்தது. அதே ஆண்டு குழு ஐரோப்பியப் போட்டியின் இறுதி ஆட்டத்தை எட்டி, ஜெர்மனியிடம் 2-6 எனத் தோற்றது.

2011-ஆம் ஆண்டு எட்டுக் கழகங்களோடு மகளிர் உயர்நிலைப் போட்டித் தொடர் தொடங்கியது. 2018-ஆம் ஆண்டு அது முழுநேரத் தொழில்முறைத் தொடராயிற்று. 2015-ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியில் இங்கிலாந்து, அதுவரை வென்றறியாத ஜெர்மனியை 1-0 எனத் தோற்கடித்து மூன்றாம் இடம் பெற்றது. தேசியக் குழுவின் ஆண் பெண் இரு பாலாருக்கும் ஓர் ஆட்டத்துக்கு ஒரே அளவு கட்டணம் 2020 ஜனவரி முதல் வழங்கப்பட்டது.

வெம்பிளியில் பெற்ற வெற்றி

2021-ஆம் ஆண்டு நெதர்லாந்தைச் சேர்ந்த சரீனா வீக்மன் பயிற்றுநரானார். 2022 ஜூலை 31-ஆம் நாள் லண்டன் வெம்பிளி அரங்கில் ஐரோப்பியப் போட்டியின் இறுதி ஆட்டம் நடந்தது. 87,192 பேர் கூடியிருந்தனர். ஆண்கள் போட்டிகளையும் சேர்த்து, ஐரோப்பிய வெற்றியாளர் போட்டியின் எந்த ஆட்டத்துக்கும் அதுவரை அத்தனை பேர் வந்ததில்லை. கூடுதல் நேரத்தில் குளோயி கெல்லி போட்ட கோலால் இங்கிலாந்து ஜெர்மனியை 2-1 என வென்றது.

வெற்றி பெற்ற சில நாட்களில் அக்குழு செய்த செயலே நம் கருத்தை மிகவும் கவர்கிறது. குழுவின் 23 ஆட்டக்காரர்களும் கையொப்பமிட்டு, அரசாங்கத்தின் தலைமைக்குப் போட்டியிட்டவர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினர். பள்ளி உடற்கல்விப் பாடத்தில் 63 விழுக்காட்டுப் பெண்பிள்ளைகளுக்கே காற்பந்து ஆடும் வாய்ப்பு உள்ளது என்றும், எல்லாப் பெண்பிள்ளைகளுக்கும் அது கிடைக்க வேண்டும் என்றும் கேட்டனர். தமக்கென அவர்கள் எதுவும் கேட்கவில்லை. 2023 மார்ச் மாதம், பள்ளி விளையாட்டில் பெண்பிள்ளைகளுக்குச் சம வாய்ப்பு அளிக்கப்படும் என அரசாங்கம் அறிவித்தது.

2023-ஆம் ஆண்டு சிட்னியில் நடந்த உலகக் கிண்ண இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்து ஸ்பெயினிடம் 0-1 எனத் தோற்றது. 2025 ஜூலை 27-ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் அதே ஸ்பெயினை மீண்டும் சந்தித்தது. ஆட்டம் 1-1 எனச் சமநிலையில் முடிய, பினால்டி உதைகளில் 3-1 என வென்று ஐரோப்பியப் பட்டத்தைத் தக்க வைத்துக்கொண்டது.

நாம் கற்க வேண்டியவை

இவ்வரலாற்றிலிருந்து மூன்று உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, ஆற்றல் பெண்களிடம் என்றும் இருந்தது, குறைந்தது வாய்ப்பே. 1920-இல் 53,000 பேரைத் திரட்டிய விளையாட்டு, 2022-இல் 87,000 பேரைத் திரட்டியது. இடைப்பட்ட வெறுமைக்குக் காரணம் ஒரு தீர்மானம். இரண்டாவது, அமைப்பின்றி வளர்ச்சி இல்லை. திடல், பயிற்றுநர், இளையோர் குழு, ஊதியம், பள்ளி வாய்ப்பு ஆகிய ஒவ்வொன்றும் சேர்ந்தே அக்குழுவை உயர்த்தின. மூன்றாவது, ஏறிச் சென்றவர் பின்னால் வருபவருக்கும் படி அமைத்தல் வேண்டும்.

பெற்றோரே! நம் தோட்டத் திடலில் ஆண்பிள்ளைகளுக்கு ஒரு மாலை உண்டெனில், பெண்பிள்ளைகளுக்கும் ஒரு மாலையை ஒதுக்குவோம். அதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. ஒரு பந்து, பொறுப்புள்ள ஓர் ஆசிரியர் அல்லது மூத்த ஆட்டக்காரர், வீட்டாரின் இசைவு ஆகியவை போதும். வீட்டு வேலை முழுவதையும் மகளின் தோளில் சுமத்திவிட்டு, அவளுக்கு விளையாட்டில் நாட்டமில்லை என்று கூறுவது நியாயமாகாது. மாலையில் ஒரு மணி நேரத்தை அவளுக்கு விடுவித்துத் தருவதே முதற்படி. குண்டாலையின் முற்றத்தில் உணவு இடைவேளையில் பந்துதைத்த பெண்களுக்குக் கிடைத்ததும் அத்தகைய சிறு பொழுதுதான்.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. 1921-ஆம் ஆண்டுத் தீர்மானம் பெண்களின் ஆட்டத்தை எவ்வழியில் நலிவுறச் செய்தது?
2. ஆட்டக்காரருக்கு ஊதியம் அளிப்பது ஆட்டத்தின் தரத்தை எவ்வாறு உயர்த்துகிறது?
3. நம் தோட்டத்தில் பெண்பிள்ளைகள் விளையாடுவதற்குத் தடையாக இருப்பவை யாவை? அவற்றுள் எவற்றை நாமே நீக்க முடியும்?