முதலுதவிப் பெட்டிக்குப் பூட்டு எதற்கு?

திருப்பூரில் நாற்பது மெஷின் போட்டு சொந்தமாக யூனிட் ஆரம்பித்திருக்கிற தங்கச்சிக்கு முதலில் ஒரு வேலை சொல்கிறேன். மெடிக்கல் ஷாப்புக்குப் போகாதே. ஆன்லைனில் தேடினால் வருகிற ரெடிமேட் முதலுதவிப் பெட்டியையும் இப்போதைக்கு வாங்காதே. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குள் ஒரு சுற்று சுற்றி வா. கட்டிங் டேபிள், தையல் வரிசை, செக்கிங், அயர்ன், பேக்கிங், குடோனுக்கு ஏறும் படிக்கட்டு. ஒவ்வோர் இடத்திலும் நின்று, இங்கே அடிபட்டால் எதனால் படும், உடம்பில் எங்கே படும் என்று எழுது. அந்த இடத்தில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்கிற டைலரையும் கைமடிக்கிற அக்காவையும் கேள். உனக்குத் தெரியாத நாலு விஷயம் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். பெட்டியில் என்ன வைப்பது என்று அந்த நோட்டுதான் சொல்ல வேண்டும்.

கடைப் பெட்டியில் பெரும்பாலும் இருப்பது இருபது பிளாஸ்திரி, ஒரு பஞ்சு உருண்டை, ஒரு தலைவலித் தைலம். கம்ப்யூட்டர் முன்னால் உட்காருபவர்களுக்கு அது போதும். பனியன் கம்பெனியில் விரலில் ஊசி ஏறும், கட்டிங் கத்தி சதையைச் சீவும், அயர்ன் ஆவி கையைச் சுடும், காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளை பதினோரு மணிக்கு மயங்கி விழும். உன் திட்டம் இந்த நாலிலிருந்து தொடங்கட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று நீ கேட்பாய். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 45-ஆவது பிரிவில் 150 தொழிலாளர்களுக்கு ஒரு பெட்டியாவது வேண்டும் என்றது. பெட்டிக்குள் விதியில் சொன்ன பொருள் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. முதலுதவிச் சான்றிதழ் வாங்கிய ஒருவர் பொறுப்பில் அது இருக்க வேண்டும். வேலை நேரம் முழுக்க அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது. இப்போது தொழிலாளர் சட்டங்கள் தொகுப்புகளாக மாறிவிட்டன, உன் ஆடிட்டரிடம் புது விதியைக் கேட்டுக்கொள். ஆனால் அந்தப் பழைய பிரிவைக் குறைந்தபட்ச அளவாக வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை. அதில் எல்லோரும் மறப்பது எண்ணிக்கைக்குப் பின்னால் வருகிற வரிகளைத்தான். பையர் தரப்பு ஆடிட் வருகிற வாரம் பெட்டி பளபளக்கும். ஆடிட்டர் போன மறுநாள் அதற்குள் பில் புத்தகம், ஊதுபத்தி, யாரோ ஒருவருடைய போன் சார்ஜர் எல்லாம் குடியேறிவிடும். சாவி மேனேஜர் பையில். அவர் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார், ஒன்றரை ஷிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்.

பூட்டே வேண்டாம். பொருள் காணாமல் போகிறது என்ற பயம் இருந்தால், பேக்கிங்கில் கிடைக்கிற மெல்லிய பிளாஸ்டிக் டை ஒன்றை மூடியில் மாட்டிவிடு. இழுத்தால் அறுந்துவிடும். அறுந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள், எதையோ நிரப்ப வேண்டும் என்று பார்த்தவுடன் தெரியும். பிளாஸ்திரி திருடு போகிறது என்று புலம்புகிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. ஒருவர் பிளாஸ்திரியை வீட்டுக்கே எடுத்துப்போனாலும் உனக்கு என்ன பெரிய நஷ்டம்?

ஊசி ஏறினால்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் தொழிலில் அதிகம் தப்பாகக் கையாளப்படுவது இதுதான். ஊசி விரலில் இறங்கினதும் பக்கத்து மெஷின்காரர் ஓடிவந்து கையைப் பிடித்து வெடுக்கென்று இழுப்பார். ஊசி உள்ளேயே முறியும். முதலில் ஸ்விட்சை அணை. பெடலில் இருந்து காலை எடுக்கச் சொல். ஊசி விரலில் சிக்கி நிற்கிறது என்றால் ஊசியைப் பிடித்திருக்கிற திருகை மெக்கானிக் தளர்த்தட்டும். ஊசி விரலிலேயே இருக்கட்டும், ஆடாமல் சுற்றிலும் துணி வைத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போ. குறட்டால் பிடுங்குகிற வீரம் வேண்டாம்.

ஊசி உடைந்திருந்தால் இன்னொரு வேலை இருக்கிறது. ஏற்றுமதிக்குத் தைக்கிறவர்களுக்கு உடைந்த ஊசிப் பதிவேடு தெரிந்ததுதான்: எல்லாத் துண்டையும் தேடி எடுத்து, டேப்பில் ஒட்டி, முழு ஊசி வந்ததா என்று சேர்த்துப் பார்த்த பிறகுதான் புது ஊசி. வெளிநாட்டுக் குழந்தையின் சட்டையில் துண்டு போய்விடக் கூடாது என்பதற்காக இத்தனையும் செய்கிறோம். அதே கணக்கை நம் பிள்ளையின் விரலுக்கும் போடு. ஒரு துண்டு குறைகிறதென்றால், கிடைத்த துண்டுகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டி, மீதி உள்ளே இருக்கலாம் என்று சொல். எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா என்று அவர் முடிவு செய்வார். டி.டி. ஊசி கடைசியாக எப்போது போட்டது என்றும் கேட்பார்கள். தொழிலாளர் விவரத் தாளில் அதற்கு ஒரு கட்டம் வைத்துக்கொள்.

முனை தெறித்துக் கண்ணில் பட்டிருந்தால் கசக்கவோ எடுக்கவோ கூடாது. ஒரு பேப்பர் கப்பைக் கவிழ்த்துக் கண்ணுக்கு மேல் டேப் ஒட்டி நேரே கண் ஆஸ்பத்திரி. கறை எடுக்கிற கெமிக்கல் தெறித்திருந்தால் கதை வேறு: இமையைப் பிரித்துப் பிடித்து 15, 20 நிமிஷம் சுத்தமான தண்ணீரை ஊற்றிக்கொண்டே இரு. அதற்கப்புறம்தான் வண்டி.

வெட்டும் சூடும்

வெட்டுப்பட்டதும் கையில் கிடைக்கிற கட்டிங் வேஸ்ட்டைச் சுற்றி, அதன்மேல் தையல் நூலை இறுக்கிக் கட்டுவது நம் ஊர் வழக்கம். வேறொன்றும் இல்லாதபோது சுத்தமான துணியால் அழுத்துவது சரிதான். நூல்தான் ஆபத்து, விரலுக்கு ரத்த ஓட்டமே நின்றுபோகும். காஸ் துணியை மடித்து வைத்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி, பத்து நிமிஷம் விடாமல் அழுத்து. நின்றதா என்று நடுவில் எடுத்துப் பார்க்காதே. துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வை. காபித்தூளும் மஞ்சள்தூளும் சமையலறையிலேயே இருக்கட்டும். டாக்டர் தையல் போடுவதற்கு முன் அதைக் கழுவி எடுப்பதற்குள் அந்தப் பிள்ளை படும் பாடு பெரும்பாடு.

விரல் துண்டாகிவிட்டால் பதறாமல் இதைச் செய். துண்டைத் தேடி எடு. சலைனில் நனைத்துப் பிழிந்த காஸில் சுற்றி, ஒரு பாலி பேக்கில் போட்டுக் கட்டு. நம் பேக்கிங் செக்‌ஷனில் பாலி பேக்குக்கா பஞ்சம்? அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பைக்குள் வை. ஐஸ் நேராகச் சதையில் படக் கூடாது. பக்கத்து ஜூஸ் கடையில் ஐஸ் எப்போதும் இருக்குமா என்று இன்றைக்கே கேட்டு வைத்துக்கொள். விரலை ஒட்டவைக்கிற அறுவை சிகிச்சை எந்த ஆஸ்பத்திரியில், எந்த நேரத்தில் நடக்கும் என்பதையும் இப்போதே போன் போட்டு விசாரித்துப் பெட்டி மூடியில் ஒட்டு. ரத்தம் சொட்டும்போது கூகுளில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

சூட்டுக்கு மருந்து தண்ணீர். ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம். அயர்ன் டேபிளுக்குப் பக்கத்தில் குழாய் இல்லையென்றால், பெட்டி வாங்குவதற்கு முன்னால் பிளம்பரைக் கூப்பிடு. மேல் தொட்டி காய்ந்து கிடக்கிற நாளுக்கு ஒரு டிரம்மில் தண்ணீரும் ஒரு மக்கும் வை. வீங்குவதற்கு முன்னால் வளையல், மோதிரத்தைக் கழற்று. ஐஸ், பேஸ்ட், இங்க், வெண்ணெய் எதுவும் வேண்டாம்; கொப்புளத்தை உடைக்க வேண்டாம். ஆறின பிறகு சமையலறையில் சாப்பாடு மூடுகிற மெல்லிய பிளாஸ்டிக் தாளை மேலே தளர்வாகப் பரப்பி அழைத்துப் போ. அது புண்ணில் ஒட்டாது, டாக்டர் பிரிக்காமலே பார்க்கலாம்.

மயக்கம் என்றால் படுக்கவைத்துக் காலை உயர்த்து, சுற்றி நிற்கிற கூட்டத்தைக் கலை. முழுசாகத் தெளிகிறவரை வாயில் தண்ணீர் ஊற்றாதே. தெளிந்ததும் ஓ.ஆர்.எஸ். கொடுக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் பார்முலா என்று பாக்கெட்டில் அச்சிட்டிருப்பதாகப் பார்த்து வாங்கு. இனிப்பு ஜூஸ் டப்பா அந்த வேலையைச் செய்யாது. சர்க்கரை நோயாளி வேர்த்து நடுங்கினால், நினைவு இருக்கும்போதே குளுக்கோஸ். வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறதை இன்னும் விடவில்லை நாம். இரும்பு ஒன்றும் செய்யாது. பக்கத்தில் இருக்கிற ஸ்டூலை நகர்த்து, தலைக்கடியில் துணியை மடித்து வை, அடங்கினதும் ஒருக்களித்துப் படுக்கவை, வாட்சைப் பார். ஐந்து நிமிஷம் தாண்டினால் 108. ஷாக் அடித்தவரைத் தொடுவதற்கு முன் மெயினை அணை. மெயின் எங்கே இருக்கிறது என்று ஹெல்பர் வரைக்கும் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

இப்போது கடைக்குப் போ

காஸ் பேட் சின்னதும் பெரியதுமாக, ஒவ்வொன்றும் தனித்தனி உறையில். ரோல் பேண்டேஜ், கிரேப் பேண்டேஜ், முக்கோணத் துணி, மைக்ரோபோர் டேப், பிளாஸ்திரி தாராளமாக. கையுறை ஒரு டப்பா. சலைன் 100 மில்லி பாட்டில்கள் சிலது, திறந்தால் மீதியைக் கொட்டிவிட வேண்டும் என்பதால் சின்னதே நல்லது. பெட்டாடைன், சின்னச் சிராய்ப்புக்கு மட்டும். நுனி மழுங்கின கத்தரி, சாமணம், ஓ.ஆர்.எஸ்., குளுக்கோஸ், அந்த பிளாஸ்டிக் தாள் ரோல், டார்ச், எந்த மெஷினில் அடிபட்டது என்று எழுத பேனாவோடு ஒரு சின்ன நோட்டு. பஞ்சு வேண்டாம், நார் புண்ணில் ஒட்டிக்கொள்ளும். மாத்திரையும் வேண்டாம். யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று உனக்கோ எனக்கோ தெரியாது. நாப்கின் முதலுதவியில் சேராது என்பார்கள். பெண் பிள்ளைகள் வேலை செய்கிற இடத்தில் பக்கத்து அலமாரியில் ஒரு கட்டு இருந்தே ஆக வேண்டும், அதையும் யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொள்கிற மாதிரி.

பழைய பட்டியலை அப்படியே காப்பி அடிப்பவர்களுக்கு ஒரு தகவல். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கான 1971 மத்திய விதிகளில் சொன்ன பெட்டியில், பாம்பு கடித்த இடத்தைக் கீற ஒரு சின்னக் கத்தியும், பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும், நூறு ஆஸ்பிரின் மாத்திரையும் இருந்தன. இன்றைக்குப் பாம்புக்கடியைக் கீறக் கூடாது, கட்டவும் கூடாது, கையைக் காலை அசைக்காமல் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்பதுதான் டாக்டர்கள் சொல்வது. விதிப்படி ஒரு பொருள் பெட்டியில் இருந்தாலும் அதை எடுத்துப் பயன்படுத்தலாமா என்பது தனிக் கேள்வி.

யார் ஓடுவது

ஒவ்வொரு ஷிப்டிலும் இரண்டு பேர், அதில் ஒருவராவது பெண். மேனேஜரைப் போடாதே, அவருக்குப் போன் வந்துகொண்டே இருக்கும். ரத்தத்தைப் பார்த்தால் குரல் உயராத ஆளைத் தேர்ந்தெடு. அது பெரும்பாலும் செக்கிங்கில் வாய் திறக்காமல் வேலை செய்கிற ஓர் அக்காவாக இருப்பார். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், செஞ்சிலுவைச் சங்கம் இரண்டும் பயிற்சி நடத்துகின்றன. சி.பி.ஆர். எல்லாம் படித்து வராது. நெஞ்சின் நடுவில் நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல் அழுத்துவதைப் பொம்மையில் செய்து பார்த்தால்தான் கைக்கு வரும். பயிற்சிக்குப் போகிற நாளுக்கு ஷிப்ட் சம்பளம் கொடு. கொடுக்காவிட்டால் யாரும் போக மாட்டார்கள், போகவும் கூடாது.

பாதிப் பேர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள். அவர்கள் 108-க்கு அடித்தால் எந்தச் சந்து என்று எப்படிச் சொல்வார்கள்? கம்பெனி பெயர், தெரு, பக்கத்துக் கோயில் அல்லது பஸ் ஸ்டாப் எல்லாம் சேர்த்து, அப்படியே படித்தால் போதும் என்கிற மாதிரி இரண்டு வரி எழுது. தமிழில் ஒன்று, அதே வாக்கியத்தை இந்தி எழுத்திலும் ஒடியா எழுத்திலும் எழுதி பக்கத்திலேயே ஒட்டு. ஒருவர் போன் பேச, ஒருவர் மெயின் ரோட்டுக்கு ஓடி வண்டிக்குக் கைகாட்ட வேண்டும். இதை ஒரு நாள் டீ நேரத்தில் ஒத்திகை பார்த்துவிடு. சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

அடிபட்டவரை அனுப்பிவிட்டு அன்றைக்கே எழுத வேண்டியதை எழுதிவிடு. பத்துப் பேருக்கு மேல் இருப்பதால் ஈ.எஸ்.ஐ. உனக்கு உண்டு. விபத்துப் பதிவேடு 11-ஆம் படிவம். கிளை அலுவலகத்துக்குத் தகவலும் தாமதிக்காமல் போக வேண்டும். வேலையில் பட்ட காயத்தால் வர முடியாத நாட்களுக்கு அந்தப் பிள்ளைக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் அளவுக்குப் பணம் வரும். வீட்டில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிடு என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதே. அடிபட்டவருடைய பணத்தைத்தான் அது கெடுக்கும், நாளைக்கு உன் பெயரையும் கெடுக்கும்.

சனிக்கிழமை சம்பளம் போடுகிற கையோடு பெட்டியைத் திறந்து தேதி முடிந்ததை எடு, குறைந்ததை நிரப்பு, புது டை மாட்டு. சின்ன நோட்டையும் புரட்டு. ஒரே மெஷினின் எண் திரும்பத் திரும்ப வந்தால் பிளாஸ்திரி அதிகம் வாங்காதே. அந்த மெஷினுக்குப் போய் விரல் கார்டு மாட்டியிருக்கிறதா, ஓவர்லாக்கில் கண் கவசம் இருக்கிறதா, கட்டிங் மாஸ்டர் கையில் இரும்பு வலைக் கையுறை இருக்கிறதா என்று பார். பெரும்பாலும் கழற்றி டிராயரில் போட்டிருப்பார்கள், பீஸ் ரேட்டில் வேகம் குறைகிறது என்று. திட்டாதே. கார்டு மாட்டினால் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பீஸ் குறைகிறது என்று பக்கத்தில் நின்று எண்ணிப் பார்த்து, ரேட்டைத் திருத்திப் போடு.