எந்தப் பெட்டியை வாங்குவது?

டென்மார்க் தேசத்தில் பில்லுண்ட் என்ற சிற்றூரில், உலகெங்கும் தொழில் நசித்துக் கிடந்த 1932-ஆம் ஆண்டில், ஒலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் மரத்தினால் விளையாட்டுச் சாமான்கள் செய்து விற்கத் தொடங்கினார் என்பதும், 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களைச் சேர்த்துச் சுருக்கி 1934-இல் தம் தொழிலுக்கு லெகோ என்று நாமகரணம் செய்தார் என்பதும், குழந்தைகளுக்கென்றே பிறந்த அந்தச் சாமான் இன்று தலை நரைத்தவர்களையும் மேஜை முன்னால் கட்டிப் போட்டிருக்கிறது என்பதும் பலரும் அறிந்த விஷயங்கள். கடையில் அடுக்கி வைத்திருக்கும் பெட்டிகளைப் பார்த்து மலைத்து நிற்பவருக்கு இந்தச் சரித்திரத்தில் பிரயோஜனமான பகுதி ஒன்றுதான். 1958 ஜனவரி 28-ஆம் தேதி அந்தத் தச்சரின் புதல்வர் காட்ஃபிரட் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அமைப்பின்படி, மேலே குமிழும் உள்ளே குழாயுமாக வார்க்கப்பட்ட கட்டை, இன்று காலையில் பிரித்த பெட்டியிலுள்ள கட்டையோடும் பொருந்தும். ஆகவே இந்தப் பொழுதுபோக்கில் பழையது என்பதற்காக ஒன்று கழிந்துபோவதில்லை. தவறாக வாங்கினாலும் பணம் முழுவதும் வீண் என்று சொல்வதற்கில்லை. தவறு நேருவது வேறோர் இடத்தில்.

சாமானியமாக வாங்குகிறவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறார்கள்: எது பிடிக்கிறது, விலை என்ன, எத்தனை துண்டுகள் இருக்கின்றன என்று. முதலாவதற்குப் பிறர் பதில் சொல்ல இயலாது. இரண்டாவதற்கு அவரவர் மடியின் கனம் பதில் சொல்லும். மூன்றாவதோ ஆளை ஏய்க்கக் கூடிய கேள்வி. 2021-இல் வெளிவந்த உலகப் படத்தில் 11,695 துண்டுகள். அதே ஆண்டில் வெளிவந்த டைட்டானிக் கப்பலில் 9,090. எண்ணிக்கையைப் பார்த்தால் படமே பெரிது. ஆனால் அதில் மிகப் பெரும்பாலானவை ஒற்றைக் குமிழ் அளவே உள்ள வட்டச் சில்லுகளாதலால், மாலை மாலையாக உட்கார்ந்து அவற்றைப் பதிப்பது பாசிமணி கோப்பதற்குச் சமானமான வேலை. கப்பலிலோ, உள்ளே படிக்கட்டும் இயந்திரமும் அமைந்து, ஒவ்வொரு நாளும் கைக்குப் புதிதாக ஏதாவது ஒன்று கிடைக்கிறது. இந்த மூன்றையும் கேட்டுவிட்டு, 'கட்டி முடித்த மறுவாரம் இதை நான் என்ன செய்யப் போகிறேன்?' என்ற நான்காவது கேள்வியையும் கேட்டுக்கொள்கிறவரே இந்தப் பொழுதுபோக்கில் முப்பது, நாற்பது வருஷம் நிலைத்திருக்கிறார் என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் கேள்விக்கு மிகக் கஷ்டப்பட்டுப் பதில் சொல்ல வேண்டியவை, காட்சிக்கென்றே செய்யப்பட்ட ராட்சத உருவங்கள். 2017-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' ஆகாயக் கப்பலாகிய மில்லேனியம் ஃபால்கனில் 7,541 துண்டுகள். நீளம் சுமார் 84 சென்டிமீட்டர். 2022-இல் வந்த ஈஃபெல் கோபுரம் 10,001 துண்டுகளோடு 149 சென்டிமீட்டர் உயரம் நிற்கிறது. டைட்டானிக்கின் நீளம் 135 சென்டிமீட்டர். இவற்றைக் கட்டும் சில வாரங்கள் ஆனந்தமான வாரங்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கட்டி முடித்த அன்றே, வீட்டில் ஒரு புது மனிதர் நிரந்தரமாகக் குடியேறியதற்கு ஒப்பான நிலைமை உண்டாகிவிடுகிறது. என் நண்பர் ஒருவர், ஆகாயக் கப்பலை முதலில் உணவு மேஜையிலும், பிறகு வீட்டாரின் ஆட்சேபத்தினால் பீரோவின் உச்சியிலும், கடைசியில் கட்டிலின் அடியிலும் வைத்தார். இப்போது அதைப் பார்க்க வேண்டுமானால் தரையில் படுக்க வேண்டும். தூசி வேறு, குமிழ்களின் இடுக்கில் புகுந்து, மெல்லிய பிரஷ்ஷுக்கு மட்டுமே மசிகிறது. பத்தாயிரம் துண்டுகளை மறுபடி பிரிப்பதற்கு எவருக்கும் மனம் துணிவதில்லை. ஆதலால், டேப்பினால் அலமாரியை அளந்து, கண்ணாடிக் கதவுக்கும் வழி செய்துகொண்டு, ஆயுளில் ஒன்று வாங்குவதற்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன், இரண்டாவதற்கு நிற்பேன்.

இவற்றுக்கு நேர் எதிரிடையானவை, 2007-இல் 2,056 துண்டுகள் கொண்ட 'கஃபே கார்னர்' என்ற தொகுப்போடு ஆரம்பித்த மாடிக் கட்டடங்கள். இவற்றின் சூட்சுமம் அடிப்பலகையில் இருக்கிறது. குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீட்டர் இடைவெளி. பக்கத்துக்கு 32 குமிழ்கள். ஆக ஒரு சதுர அடிப்பலகையின் பக்கம் 25.6 சென்டிமீட்டர். கட்டடங்கள் யாவும் இந்த ஒரே கணக்கில் நிற்பதாலும், பக்கச் சுவர்களில் ஒன்றோடொன்று கோக்க ஊசிகள் அமைந்திருப்பதாலும், இன்று வாங்கும் கடை பத்து வருஷங்களுக்கு முன் வாங்கிய வீட்டின் அருகில் இயல்பாகப் போய் உட்கார்ந்து, தெருவாக வளர்கிறது. இடம் போதாவிட்டால் ஒரு கட்டடத்தை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்கலாம். தெருவுக்குப் பங்கம் இல்லை. மாடிகள் தனித்தனியே தூக்கி எடுக்கக் கூடியவையாதலால் பிரிப்பதும் எளிது. ஒரு மாடி, ஒரு பை. இதைவிட முக்கியமான லாபம் கைக்குக் கிடைக்கும் கல்வி. கட்டையைப் பக்கவாட்டில் திருப்பி ஜன்னல் நிலை அமைப்பது, அரைக் குமிழ் தள்ளிவைத்துச் சுவருக்கு மடிப்புக் கொடுப்பது முதலிய யுக்திகளை, விளக்கப் புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போகிறவர் தம்மையறியாமல் கற்றுவிடுகிறார். பிறகு அவரே தம் வீட்டுத் திண்ணையைக் கட்டிப் பார்க்கலாம். நடுத்தர வருமானமும் ஒரு நீண்ட அலமாரியும் உள்ளவருக்கு, ஆண்டுக்கு ஒன்று வாங்கினால் போதும் என்ற கட்டுப்பாட்டோடு, நான் இவற்றையே சிபாரிசு செய்வேன்.

அலமாரியே இல்லாதவருக்குச் சிறிய தொகுப்புகள் இருக்கின்றன. 878 துண்டுகள் கொண்ட போன்சாய் மரம் 2021-இல் வந்தது; அதன் கிளைகளில் செர்ரிப் பூக்கள் என்று தூரத்திலிருந்து தோன்றுபவை, அருகில் போய்ப் பார்த்தால் இளஞ்சிவப்பு நிறத் தவளைகள்! ஒரு துண்டை அதன் ஜாதி தர்மத்துக்கு விரோதமாக உபயோகிக்கும் இந்தக் குறும்புதான் ரசிகர்களைச் சிரிக்க வைக்கிறது. ஒரே பெட்டியிலிருந்து மூன்று உருவங்கள் செய்யக் கூடிய 'ஒன்றில் மூன்று' வகைத் தொகுப்புகளைப் பலர் சிறுவர் சரக்கு என்று ஒதுக்குகிறார்கள். பிரிப்பதற்கென்றே பிறந்தவையாதலால், முதற்பெட்டி வாங்குகிறவருக்கு அவற்றைவிடச் சிக்கனமான குரு கிடைக்க மாட்டார். 1977 முதல் வந்துகொண்டிருக்கும் டெக்னிக் வரிசை, பல்சக்கரத்திலும் கியர்ப் பெட்டியிலும் மோகமுள்ளவர்களுக்கு. அதன் துளையிட்ட சட்டங்களில் குமிழ்கள் பெரும்பாலும் இல்லாததால் மற்றக் கட்டைகளோடு அது அவ்வளவாக ஒட்டி உறவாடுவதில்லை. இரண்டு வரிசைகளிலும் கால் வைத்தவர் இரண்டு தனிப் பொழுதுபோக்குகளுக்குச் செலவு செய்கிறார் என்பதே உண்மை.

இனி, புதிய பெட்டியா, பழைய உதிரிக் கட்டைகளா என்ற பிரச்னை. எடைக்கு விற்கும் உதிரிக் குவியலை வாங்குவது மலிவு; அதில் ஓர் உத்ஸாகமும் உண்டு. நான் ஒருமுறை வாங்கிய ஐந்து கிலோ குவியலில், லெகோ கட்டைகளோடு, சோழியும், உடைந்த சாவிக்கொத்தும், வேறு யார் யாரோ செய்த கட்டைகளும், ஏதோ ஒரு குழந்தை பல் முளைக்கும் காலத்தில் நன்றாகக் கடித்த ஒரு சக்கரமும் இருந்தன. பழையதை வாங்குகிறவர் சில ரகசியங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1963 வரையில் கட்டைகள் செல்லுலோஸ் அசிடேட் என்ற பொருளால் வார்க்கப்பட்டன. அவை நாளடைவில் கோணிக்கொள்ளும், நிறமும் மங்கும். அதற்குப் பின் வந்த ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் திடமானது; எனினும் சில ஆண்டுகளில் வார்த்த செம்பழுப்புத் துண்டுகள், விரல் பட்டதும் அப்பளம் போல் நொறுங்குவதுண்டு. வெண்மையும் சாம்பலும் வெயில் பட்டால் மஞ்சளாகும். 2004-ஐ ஒட்டிச் சாம்பல் நிறத்தையே நீலச் சாயலுள்ளதாக நிறுவனம் மாற்றிவிட்டதால், பழைய சாம்பலும் புதிய சாம்பலும் ஒரே சுவரில் நின்றால் ஒட்டுப் போட்ட வேஷ்டியைப் போல் தெரியும். வாங்கிய குவியலை 40 டிகிரிக்கு மேற்படாத வெதுவெதுப்பான சோப்பு நீரில் அலசி நிழலில் உலர்த்துக. வடாம் காயவைப்பது போல் மொட்டை மாடியில் பரப்புவது மகா பாதகம்.

இன்ன துண்டு, இன்ன நிறம், இத்தனை என்று எண்ணி வாங்க விரும்புவோருக்கு, 2000-ஆம் ஆண்டில் தோன்றி, 2019-இல் லெகோ நிறுவனமே விலைக்கு வாங்கிக்கொண்ட பிரிக்லிங்க் என்ற இணையச் சந்தை இருக்கிறது. சொந்தமாகக் கற்பனை செய்து கட்டத் தொடங்கியவருக்கு அதுவே காமதேனு. இன்னும் தொடங்காதவருக்கு அது வெறும் தபால் செலவு.

வேறு நிறுவனங்களின் கட்டைகளை வாங்கலாமா? ஆதிக் காப்புரிமைகள் காலாவதியாகிவிட்டன. கனடா நாட்டு உச்ச நீதிமன்றம் 2005-இலும் ஐரோப்பிய நீதிமன்றம் 2010-இலும், பயன் கருதி அமைந்த கட்டையின் வடிவத்துக்கு வியாபாரச் சின்னம் என்ற பாதுகாப்பு இல்லை என்று தீர்ப்புச் செய்தன. ஆகவே பிறர் கட்டை செய்வது குற்றமல்ல. பிறருடைய தொகுப்பையும் பெட்டிப் படத்தையும் அப்படியே நகல் எடுத்து விற்பது வேறு விஷயம், அதை வாங்க வேண்டாம். பிடிப்பின் இறுக்கம் நிறுவனத்துக்கு நிறுவனம் வித்தியாசப்படுவதால், வாங்கினால் தனி டப்பாவில் வையுங்கள்.

பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருந்து பிற்காலத்தில் விற்கும் முதலீட்டாளர்களும் இருக்கிறார்கள். ருஷ்ய ஆராய்ச்சியாளர் இருவர், 1987 முதல் 2015 வரையிலான விலைகளை ஆராய்ந்து, சராசரியாக ஆண்டுக்கு 11 சதவீத அளவில் லாபம் கிடைத்ததாகக் கணக்கிட்டார்கள். சராசரி என்ற சொல்லுக்குள் நஷ்டப்பட்டவர்களும் அடங்குவர் என்பதை மறக்கலாகாது. 2008-இல் வந்த தாஜ் மஹால் தொகுப்பு கடைகளிலிருந்து மறைந்தபின் அபாரமான விலைக்குப் போயிற்று. பிரிக்காத பெட்டிகளை வைத்திருந்தவர்கள் அதைக் கண்டு பூரித்திருந்த சமயத்தில், 2017-இல் நிறுவனம் ஏறக்குறைய அதே தொகுப்பை 5,923 துண்டுகளோடு மீண்டும் வெளியிட்டது. பழைய பெட்டியின் விலை சரிந்தது. எனக்கு அவர்களிடம் அநுதாபம் இல்லை. பத்து வருஷம் வீட்டில் தாஜ் மஹாலை வைத்துக்கொண்டு அதை ஒருநாள்கூடக் கட்டிப் பார்க்காதவர்களுக்கு வேறு யார்தான் இரங்குவார்கள்?

எதை வாங்கினாலும் அடுக்கி வைப்பதில் ஒரு தேர்வு உண்டு: நிறவாரியாகவா, வடிவவாரியாகவா? புதியவர்கள் அழகுக்காக நிறவாரியாகப் பிரிக்கிறார்கள். ஒரே சிவப்பான குவியலில் ஒரு சிறு கீலைத் தேடி ஒரு மாலைப்பொழுதைத் தொலைத்த பிறகே, பலநிறக் குவியலில் சிவப்பைக் கண்டெடுப்பது கண்ணுக்கு எளிது, ஒருநிறக் குவியலில் வடிவத்தைக் கண்டெடுப்பதுதான் கடினம் என்று புரிகிறது. வடிவவாரியாகவே பிரியுங்கள், மிக அதிகமாகச் சேர்ந்துவிட்ட வடிவத்தை மட்டும் பிறகு நிறவாரியாகப் பிரிக்கலாம். எட்டுக் குமிழ்க் கட்டைகள் ஒரே நிறத்தில் ஆறு இருந்தால் அவற்றை 91,51,03,765 விதங்களில் இணைக்கலாம் என்று கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணித அறிஞர் ஒருவர் கணக்கிட்டிருக்கிறார். புள்ளி வைத்துக் கோலம் போடுகிற கைகளுக்கு இந்த எண் அவ்வளவு ஆச்சரியமாக இராது.

கட்டியதைப் பிரிப்பது துக்கமான காரியம் என்று நினைக்கிறவர்கள், நவராத்திரி முடிந்ததும் கொலுப் பொம்மைகளைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைப்பதை நினைத்துக்கொள்ளலாம். என் வீட்டில் ஒரே ஓர் அலமாரித் தட்டுதான் இதற்கு ஒதுக்கியிருக்கிறது. மாடிக் கட்டடங்கள் மூன்று அதில் நிற்கின்றன, மற்றவை பைகளில் உறங்குகின்றன. வருஷத்துக்கு ஒருமுறை ஒரு கட்டடத்தை மேலிருந்து கீழாக, கட்டிய வரிசைக்குத் தலைகீழாகப் பிரித்து, மாடிக்கு ஒரு பையாகக் கட்டி, பையின்மேல் எண் எழுதி, விளக்கப் புத்தகத்தோடு சேர்த்து உள்ளே வைத்துவிட்டு, உள்ளே கிடந்த ஒன்றை வெளியே எடுத்துக் கட்டுகிறேன். சென்ற ஐப்பசி மாதம் அப்படி எடுத்த பையில் படிக்கட்டுத் துண்டு ஒன்று குறைந்தது. இரண்டு நாள் தேடியபின் அது பக்கத்துக் கட்டடத்தின் மாடியில், நானே எப்போதோ மறதியாக வைத்த இடத்தில், வெகு பொருத்தமாக இருந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டேன்.