மகரந்தத்தின் இரு சேய்கள்

புதுவையை அடுத்த வில்லியனூர்ப் பகுதியில் உறுவையாறு என்னும் சிற்றூர் உள்ளது. இத்தகைய ஊர்களின் வேலியோரங்களில் ஊமத்தை தானே முளைத்து வளரும். நஞ்சுடையது என்று யாவரும் அதனை ஒதுக்குவர். ஆயினும் உயிரியலில் பெரியதோர் உண்மையை உலகிற்கு உணர்த்திய பெருமை ஊமத்தை இனத்திற்கு உண்டு.

உயிரணு ஒன்று பகுபட்டு இரண்டாகும்போது பிறப்பவை சேய் உயிரணுக்கள் எனப்படும். அவை பெரும்பாலும் தம்முள் ஒத்திருக்கும். ஆனால் என்றும் ஒத்தே இருப்பின், ஒரே விதையினின்று வேரும் இலையும் மலரும் தோன்றுதல் எங்ஙனம்?

மகரந்தத்தூளை நோக்குவோம். இளமையில் அது ஓர் உயிரணுவே. பகுபடுமுன் அதன் உட்கரு நடுவிடம் விட்டு ஓரத்திற்கு நகரும். ஆதலின் பிறக்கும் சேய்களுள் ஒன்று பெரிது. மற்றொன்று மிகச் சிறிது. பெரியது குழாயாக நீண்டு, சூலுக்கு வழியமைத்து, தான் அழியும். சிறியது மீண்டும் பகுபட்டு இரண்டு ஆணணுக்களாகும். அவற்றுள் ஒன்று கருவை உண்டாக்கும். மற்றொன்று கருவுக்குரிய உணவுப் பகுதியைத் தோற்றுவிக்கும்.

இரு சேய்களும் பெற்ற மரபுப் பொருள் ஒன்றே. தாயணுவின் உடலைச் சமமாகப் பங்கிட்டுக் கொள்ளாமையே அவற்றின் வாழ்வை வேறாக்கியது. புகையிலை மகரந்தத்தில் மருந்திட்டு இப்பகுப்பைச் சமமாக்கியபோது, சேய்கள் இரண்டும் பெரியதன் இயல்பையே காட்டின. இவ்வாய்வு 1995-இல் வெளிவந்தது.

அங்ஙனமாயின், பிறப்பில் அமைந்த நெறி மாறவே மாறாதோ? தில்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குகா அம்மையாரும் சதீஷ் சந்திர மகேசுவரியும் ஊமத்தையின் மகரந்தப் பைகளை ஊட்டப்பொருள்களில் இட்டு வளர்த்தனர். அப்பைகளினின்று கருக்கள் வெளிப்பட்டதை 1964-இல் அறிவித்தனர். அவை மகரந்தத்தூளினின்றே பிறந்தவை என்பதை 1966-இல் நிறுவினர். சூழல் மாறவே, குழாயாக நீள வேண்டிய தூள் முழுச்செடிக்கு வித்தாயிற்று!

இவ்வாறு பிறந்த செடியில் குரோமோசோம்கள் பாதியே இருக்கும். அவற்றை இரட்டித்தால், பல தலைமுறை உழைத்துப் பெறும் தூய வகையை ஒரே தலைமுறையில் பெறலாம். 1968-இல் சப்பானியர் நெல்லின் மகரந்தப் பைகளினின்றும் செடிகளை வளர்த்தனர். புதிய நெல்வகைகளை உருவாக்குவோர்க்கு இம்முறை பெருந்துணையாயிற்று. வேலியோரத்து ஊமத்தை காட்டிய வழி, வயலில் விளையும் நெல்லுக்கும் பயன்பட்டது. எளியதென்று எதனையும் இகழாது ஆராய்வதே அறிவுடையோர் இயல்பாகும்.

வினாக்கள்

1. மகரந்தத்தூளின் இரு சேய்கள் செய்யும் தொழில்கள் யாவை?
2. அவை வேறுபடுதற்குக் காரணம் என்ன?
3. ஊமத்தை ஆய்வால் விளைந்த பயனை விளக்குக.