மோட்டார் மேலே தூக்கவில்லையா? பதற வேண்டாம்!



நம் மல்லேஸ்வரத்தில் கடல் இல்லை. ஆறும் இல்லை. பக்கத்தில் சாங்கி ஏரி இருக்கிறது. அது 1882-ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. சாங்கி என்ற படைப் பொறியாளர் அதைக் கட்டினார். ஏரிக்கரையில் நடக்கிற நமக்குப் படகு மோட்டாரைப் பற்றி எதற்குப் பாடம்? இப்படி நீங்கள் கேட்கலாம்.

2022 செப்டம்பர் மாதத்தை நினைத்துப் பாருங்கள். பெங்களூரில் பெருமழை பெய்தது. பெல்லந்தூர், சர்ஜாபூர் சாலைப் பக்கம் தெருவெல்லாம் தண்ணீர். வீட்டுக்குள் சிக்கியவர்களைப் படகிலும் டிராக்டரிலும் ஏற்றி வெளியே கொண்டு வந்தார்கள். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. 2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியது. அப்போது மீனவர்கள் தங்கள் படகுகளை ஊருக்குள் கொண்டு வந்தார்கள். பல உயிர்களைக் காப்பாற்றினார்கள்.

படகு கடற்கரைக்கு மட்டும் சொந்தம் அல்ல. வெள்ளம் வந்தால் நம் தெருவுக்கும் வரும். அதில் ஏறுகிறவர் நாமாக இருக்கலாம். ஓட்டுகிறவருக்கு உதவுகிறவரும் நாமாக இருக்கலாம்.

ஏன் தூக்க வேண்டும்?

படகின் பின்பலகையில் மோட்டார் தொங்குகிறது. அதன் கால் தண்ணீருக்குள் இருக்கிறது. காலின் அடியில் விசிறி இருக்கிறது. பட்டறையில் இதைப் புரொப்பல்லர் என்பார்கள். விசிறி சுற்றினால் படகு ஓடும்.

ஆழமான தண்ணீரில் தொல்லை இல்லை. தண்ணீர் குறைந்தால் விசிறி தரையில் இடிக்கும். கடற்கரையில் மணல் இடிக்கும். வெள்ளம் வந்த தெருவில் சாலைத் தடுப்பு, இரும்புக் கேட், மூழ்கிய வண்டி எல்லாம் இடிக்கும். கலங்கிய தண்ணீரில் இவை கண்ணுக்குத் தெரியாது. இடித்தால் விசிறி உடையும். பின்பலகை பிளந்து தண்ணீர் உள்ளே வரலாம். படகில் குழந்தையும் நோயாளியும் இருந்தால் என்ன ஆகும்?

அதனால்தான் மோட்டாரைச் சாய்த்து மேலே தூக்குகிறோம்.

மோட்டாரில் இரண்டு வகை

முதல் வகை சிறிய மோட்டார். இதைக் கையால் தூக்க வேண்டும். இரண்டாவது வகை பெரிய மோட்டார். இதற்குப் பொத்தான் உண்டு. மேல் அம்புக்குறியை அழுத்தினால் மோட்டார் மேலே வரும். கீழ் அம்புக்குறியை அழுத்தினால் இறங்கும்.

பொத்தான் எப்படி நூறு கிலோ எடையைத் தூக்குகிறது? நீங்கள் ஜேசிபி பார்த்திருப்பீர்கள். மண்ணை அள்ளும் அதன் கையை எண்ணெயின் அழுத்தம்தான் தூக்குகிறது. இங்கும் அதே வேலைதான். பேட்டரியிலிருந்து மின்சாரம் வருகிறது. அது ஒரு சின்ன மின் மோட்டாரைச் சுற்றுகிறது. அந்த மோட்டார் பம்பை ஓட்டுகிறது. பம்ப் எண்ணெயைக் குழாய்க்குள் தள்ளுகிறது. எண்ணெய் தண்டைத் தள்ளுகிறது. தண்டு படகு மோட்டாரைத் தூக்குகிறது.

பேட்டரி, மின் மோட்டார், பம்ப், எண்ணெய், தண்டு. இது ஒரு சங்கிலி. ஒரு கண்ணி அறுந்தாலும் தூக்காது. எந்தக் கண்ணி அறுந்தது என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

முதலில் செய்ய வேண்டியது

மோட்டார் தூக்கவில்லை என்றால் கரைக்குப் போகாதீர்கள். ஆழம் உள்ள இடத்திலேயே படகை நிறுத்துங்கள். இஞ்சினை அணையுங்கள். நங்கூரம் போடுங்கள். எல்லோரையும் உட்காரச் சொல்லுங்கள். விசிறி சுற்றும்போது யாரும் அதன் பக்கம் போகக் கூடாது.

தள்ளுவதற்காகத் தண்ணீரில் குதிக்காதீர்கள். பெங்களூர் வெள்ளத்தில் இது பெரிய ஆபத்து. தண்ணீருக்கு அடியில் திறந்த சாக்கடையோ ராஜகாலுவையோ இருக்கலாம். மூங்கில் கழியால் ஆழம் பாருங்கள். கழியாலும் துடுப்பாலும் படகை மெல்ல நகர்த்துங்கள்.

கையால் தூக்கும் மோட்டார்

முதலில் கியரைப் பாருங்கள். கியர் ரிவர்ஸில் இருந்தால் ஒரு கொக்கி மோட்டாரைப் பிடித்துக்கொள்ளும். பின்னால் போகும்போது மோட்டார் துள்ளி எழக் கூடாது என்பதற்காக அந்தக் கொக்கி இருக்கிறது. கியரை நியூட்ரலுக்குக் கொண்டு வாருங்கள். கொக்கி விட்டுவிடும். பிறகு தூக்குங்கள்.

அப்போதும் வரவில்லையா? அச்சில் மணலோ துருவோ பிடித்திருக்கும். கரை சேர்ந்த பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, கிரீஸ் போடுங்கள். சுத்தியலால் அடிக்காதீர்கள்.

பொத்தானால் தூக்கும் மோட்டார்

இங்கே காதுதான் நமக்குக் கருவி. இந்த உரையாடலைப் படியுங்கள்.

தம்பி: அண்ணே! பொத்தானை அமுக்கிப் பாத்துட்டேன். மோட்டார் தூக்கவே மாட்டேங்குது. கையால இழுக்கட்டுமா?

அண்ணன்: இரு தம்பி, இழுக்காத. உள்ளே எண்ணெய் பிடிச்சிருக்கு. நீ இழுத்தா வராது, உன் இடுப்புதான் போகும். அமுக்கினப்போ என்ன சத்தம் கேட்டுச்சு?

தம்பி: சத்தமா? கவனிக்கலையே அண்ணே.

அண்ணன்: இஞ்சின் ஓட வேண்டாம். சாவியை மட்டும் போட்டு, இன்னொரு தடவை அமுக்கு. வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரி கவனமாக் கேளு.

தம்பி: "டிக்"னு ஒரு சத்தம் வருது. அவ்வளவுதான்.

அண்ணன்: அப்போ பேட்டரியில போய்ப் பாரு. முனையில என்ன இருக்கு?

தம்பி: பச்சையாப் பூத்துக் கிடக்குது அண்ணே!

அண்ணன்: அதுதான் காரணமா இருக்கும். மொதல்ல கறுப்பு ஒயரைக் கழட்டு. அப்புறம் சிவப்பு. ரெண்டையும் தேய்ச்சுத் துடை. மாட்டும்போது சிவப்பை முதல்ல மாட்டு, கறுப்பைக் கடைசியில மாட்டு.

தம்பி பொறுமையாகச் சத்தத்தைக் கேட்டான். அது அவனைக் கோளாறு இருக்கும் இடத்துக்குக் கூட்டிப் போனது. நாமும் சத்தத்தைப் பிரித்துக் கேட்கலாம்.

1. சத்தமே இல்லை.
மின்சாரம் வரவில்லை. பேட்டரியின் சுவிட்ச் மூடியிருக்கலாம். ஃபியூஸ் போயிருக்கலாம். அதே அளவு ஃபியூஸைப் போடுங்கள். அதில் எழுதிய எண்ணைப் படித்துப் போடுங்கள். கம்பியைச் சுற்றிப் போடாதீர்கள். ஒயர் எரியும், பக்கத்தில் பெட்ரோல் இருக்கிறது. பல மோட்டார்களின் பக்கவாட்டில் இன்னொரு பொத்தான் உண்டு. அதையும் அழுத்திப் பாருங்கள். அது வேலை செய்தால், கைப்பிடியில் உள்ள பொத்தானிலோ அதன் ஒயரிலோதான் கோளாறு.

2. "டிக்" என்ற சத்தம் மட்டும்.
சத்தம் போடுவது ரிலே என்ற சின்னப் பெட்டி. அதுவரை மின்சாரம் வருகிறது. ஆனால் பலம் போதவில்லை. பேட்டரி இறங்கியிருக்கலாம். முனைகள் தளர்ந்தோ பூத்தோ இருக்கலாம். நன்றாக ஏறிய பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். பேட்டரி சரியாக இருந்தால் ரிலேயையும் மின் மோட்டாரையும் மெக்கானிக் பார்க்க வேண்டும்.

3. "உர்ர்" என்று ஓடுகிறது, ஆனால் தூக்கவில்லை.
மின்சாரம் நன்றாக இருக்கிறது. எண்ணெய் குறைந்திருக்கும். அல்லது எண்ணெயில் காற்று புகுந்திருக்கும். அல்லது கையால் திறக்கும் திருகு தளர்ந்திருக்கும்.

4. மேலே வருகிறது, பிறகு தானாக இறங்குகிறது.
எங்கோ எண்ணெய் கசிகிறது. அல்லது திருகு சரியாக மூடவில்லை. தண்டைச் சுற்றி எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். சீல் தேய்ந்திருந்தால் மெக்கானிக்தான் மாற்ற வேண்டும்.

அவசரத்துக்கு ஒரு திருகு

மோட்டாரைப் படகோடு பிடிக்கும் இரும்புத் தாங்கியின் பக்கத்தில் ஒரு திருகு இருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் அதை இடது பக்கமாகத் திருப்புங்கள். எண்ணெயின் பிடி விடும். இப்போது மோட்டாரைக் கையால் தூக்கலாம். எத்தனை சுற்று திருப்புவது என்பது மோட்டாருக்கு மோட்டார் மாறும். அதை மோட்டாரோடு வந்த புத்தகத்தில் பார்த்து வையுங்கள். திருகை முழுவதும் கழற்றக் கூடாது. எண்ணெய் பீறிட்டு வரும்.

மோட்டார் கனமானது. இரண்டு மூன்று பேர் சேர்ந்து தூக்குங்கள். தூக்கியதும் தாங்குகொக்கியைப் போடுங்கள். கொக்கி போடாத மோட்டாருக்கு அடியில் கையை வைக்காதீர்கள், தலையை நீட்டாதீர்கள். திருகு திறந்திருந்தால் மோட்டார் சட்டென்று விழும். விரல் போய்விடும். கொக்கி போட்ட பிறகு திருகை வலது பக்கமாகத் திருப்பி இறுக்குங்கள்.

எண்ணெய் பார்ப்பது எப்படி?

இது கரை சேர்ந்த பிறகு செய்யும் வேலை. மோட்டார் முழுவதும் மேலே இருக்க வேண்டும். கொக்கியும் போட்டிருக்க வேண்டும். அதன் பிறகே எண்ணெய் மூடியைத் திறக்க வேண்டும். மோட்டார் கீழே இருக்கும்போது திறந்தால் எண்ணெய் முகத்தில் பீச்சியடிக்கும்.

எண்ணெய் துளையின் விளிம்பு வரை நிற்க வேண்டும். குறைந்தால், புத்தகத்தில் சொன்ன எண்ணெயை மட்டும் ஊற்றுங்கள். மூடியை இறுக்கிவிட்டு, கொக்கியை எடுங்கள். மோட்டாரை நான்கைந்து முறை ஏற்றி இறக்குங்கள். உள்ளே உள்ள காற்று வெளியேறும். மறுபடி எண்ணெய் அளவைப் பாருங்கள். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

எழுத்து எங்கே உதவும்?

"தூக்கவில்லை" என்று மட்டும் சொன்னால் மெக்கானிக்குக் கோளாறு புரியாது. ஒரு நோட்டில் எழுதிக் காட்டுங்கள். இப்படி எழுதலாம்:

தேதி:
பொத்தானை அழுத்தியபோது கேட்ட சத்தம்:
மேலே போகிறதா? கீழே போகிறதா?
பேட்டரி வோல்ட்:
கடைசியாக எண்ணெய் ஊற்றிய நாள்:

இந்த ஐந்து வரி இருந்தால் மெக்கானிக் தேடித் திரிய வேண்டாம். உங்கள் பணமும் நேரமும் மிஞ்சும். அடுத்த முறை அதே கோளாறு வந்தால் நோட்டே வழி சொல்லும்.

நினைவில் கொள்வோம்

பதறாத காரியம் சிதறாது.
முதலில் படகை நிறுத்து.
பிறகு சத்தத்தைக் கேள்.
எளிய காரணத்தை முதலில் பார்.
கொக்கி போடாமல் கையை வைக்காதே.
மழைக்காலம் வரும் முன்பே ஒரு முறை தூக்கிப் பார்.

பயிற்சி

1. தண்ணீர் குறைந்த இடத்தில் மோட்டாரை ஏன் தூக்குகிறோம்?
2. "டிக்" என்ற சத்தம் மட்டும் கேட்டால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?
3. பேட்டரியில் எந்த நிற ஒயரை முதலில் கழற்ற வேண்டும்?
4. சொல்லை நிரப்புக: கியர் ________ இருந்தால் கொக்கி மோட்டாரைப் பிடித்துக்கொள்ளும்.
5. உங்கள் வீட்டில் உள்ள ஒரு மின்விசிறியோ பம்போ ஓடவில்லை. மெக்கானிக்கிடம் காட்ட ஐந்து வரி எழுதுங்கள். எழுதியதை வகுப்பில் படித்துக் காட்டுங்கள்.