கதை கேட்காமல் உதவுங்கள்

ரொறன்ரோவில் அகதிக் கோரிக்கையாளர்கள் தங்கும் ஒரு விடுதியில் வார இறுதிகளில் தொண்டு செய்கிறேன். 2023 கோடையில் நகரத் தங்குமிடங்களில் இடமில்லாமல், ஆபிரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்கள் பீட்டர் வீதி நடைபாதையில் படுத்துக் கிடந்ததும், கறுப்பினத்தவர் நடத்தும் தேவாலயங்கள் சில அவர்களை ஏற்றுக்கொண்டதும் பலருக்கு நினைவிருக்கும். "நாங்களும் ஏதாவது செய்யலாமா?" என்று அதன்பிறகு கேட்கும் நம்மவர்களுக்கு நான் சொல்பவை இவை.

வந்தவரிடம் கதை கேட்காதீர்கள். எல்லையில் அதிகாரியிடம் ஒருமுறை, வழக்கறிஞரிடம் ஒருமுறை என்று அவர் ஏற்கெனவே சொல்லிக் களைத்திருப்பார். இன்னும் குடிவரவு அகதிகள் சபையின் முன் சொல்ல வேண்டும். வெங்காயம் உரிக்கும் நேரத்தில் "ஏன் நாட்டை விட்டு வந்தீர்கள்?" என்று நாமும் தொடங்கினால் அதுவும் ஒரு விசாரணைதான். அவராகச் சொன்னால் கேளுங்கள், வெளியில் கதைக்காதீர்கள். படம் எடுக்கவே வேண்டாம். முகநூலில் முகம் தெரிந்தால் ஊரிலிருக்கும் குடும்பத்துக்கு ஆபத்து வரலாம்.

சட்ட ஆலோசனை சொல்லாதீர்கள். நம்மவர்களுக்கு இதுதான் கஷ்டம். நானும் ஒரு காலத்தில், அகதிக் கோரிக்கையாளருக்குக் கொடுக்கும் 'பிறவுண் பேப்பர்' வைத்திருந்தவன். "என்ர மச்சான் இப்படிச் சொல்லித்தான் கேஸ் வென்றவர்" என்று சொல்ல வாய் துறுதுறுக்கும். ஆனால் அன்று ஒரு தமிழருக்குச் சரிவந்தது இன்று ஒரு உகாண்டாக்காரரின் கோரிக்கையைக் கெடுக்கலாம். படிவத்தில் எழுதியதும் விசாரணையில் சொல்வதும் முரண்பட்டால் அவர்மேல் உள்ள நம்பிக்கையே போய்விடும். கையில் காசில்லாதவர்கள் ஒன்ராறியோ சட்ட உதவி மூலம் வழக்கறிஞரைப் பெற விண்ணப்பிக்கலாம். அவர்களுடைய தொலைபேசி இலக்கத்தைக் கொடுப்பதோடு நம் வேலை முடிகிறது.

கடிதங்களில் கண் வையுங்கள். தொண்டர்களால் பெரிய பயன் இங்கேதான். இன்று விடுதி, அடுத்து ஹோட்டல், பிறகு யாரோ வீட்டுப் பேஸ்மென்ட் என்று இவர்களுடைய முகவரி மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மாற்றத்தையும் அகதிகள் சபைக்கும் குடிவரவுத் திணைக்களத்துக்கும் தனித்தனியே அறிவிக்க வேண்டும். விசாரணை அழைப்பு பழைய முகவரிக்குப் போய் ஆள் வராவிட்டால், கோரிக்கை கைவிடப்பட்டதாகவே முடிவாகலாம். ஒரு கோப்பு வாங்கி, கடிதங்களைத் திகதி வாரியாக அடுக்கிக் கொடுங்கள். மருத்துவப் பரிசோதனை முடிந்ததா என்று கேளுங்கள், அது முடியாமல் வேலை அனுமதி வராது. பிள்ளை இருந்தால் பள்ளிக்கூடத்துக்குக் கூடப் போங்கள். குடிவரவு நிலையைக் காட்டிப் பிள்ளையைச் சேர்க்க மறுக்க ஒன்ராறியோ கல்விச் சட்டம் இடம் கொடுக்காது.

சாமான் கொண்டுபோகுமுன் கேளுங்கள். பழைய உடுப்பு மூட்டைகள் எந்த விடுதியிலும் குவிந்திருக்கும். குறைவாக இருப்பவை சரியான அளவில் பனிச் சப்பாத்து, பஸ் கட்டணம், தொலைபேசி டேட்டா, சுருள்முடிக்கு ஏற்ற எண்ணெய் போன்றவை. சமைத்துக் கொண்டுபோவதைவிட மா, மீன், மிளகாய் வாங்கிக் கொடுத்து அடுப்பை அவர்களிடம் விடுவது நல்லது. தன் கையால் சமைத்த சாப்பாடு இறங்குவதுபோல வேறெதுவும் இறங்காது.

முடிந்ததை மட்டும் சொல்லுங்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமைதான் முடியுமென்றால் அதையே சொல்லி, அன்று நேரத்துக்குப் போங்கள். "எல்லாம் சரிவரும்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். எல்லாக் கோரிக்கைகளும் வெல்வதில்லை. கடன் கேட்டால் நீங்களாகக் கொடுக்காமல் விடுதி ஊழியரிடம் பேசுங்கள்.

நாங்களும் இப்படி வந்தவர்கள்தான். அகதிக் கோரிக்கையாளருக்கு நேரில் விசாரிக்கப்படும் உரிமை உண்டு என்று 1985 ஏப்ரல் 4 அன்று கனடிய உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. அதன் பயனைத் தமிழர்களாகிய நாங்கள் நிறையவே அனுபவித்தோம். 1986 ஆகஸ்டில் நியூபவுண்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் ஏற்றினார்கள். கதை கேட்டுவிட்டா ஏற்றினார்கள்?

உங்களுக்குக் கிட்டவுள்ள தங்குமிடத்தின் தொண்டர் பொறுப்பாளரை அழையுங்கள். பொலிஸ் சான்றிதழ் கேட்பார்கள், அது கிடைக்கக் கொஞ்சம் காலமெடுக்கும். ஆகவே இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.