மரமேறி அறுக்க எத்தனை இஞ்ச் பார்?

மரத்தின் மேல் நின்று கிளை கழிக்கிற செயின்சாவுக்கு 12 இஞ்ச் பார் போதும், மிஞ்சிப்போனால் 14. வழக்கமாக அறுக்கும் கிளையின் பருமனைவிட இரண்டு இஞ்ச் கூடுதலாக இருந்தால் தாராளம். ‘பெருசா வாங்கிட்டா எல்லாத்துக்கும் ஆகும்’ என்பார்கள், கேட்காதீர்கள். நீளம் கூடக்கூட முன்பக்கம் கனத்துக் கை கடுக்கும். அதைவிட ஆபத்து நுனிதான். இலை மறைவில் இன்னொரு கொம்பில் நுனியின் மேல்பக்கம் பட்டால் போதும், ரம்பம் சட்டென்று முகத்துக்கு நேரே துள்ளும். அடிமரத்துக்குப் பெரிய ரம்பம் தனியாகத் தரையில் இருக்கட்டும்.

பாரின் நீளத்தை மாற்றினால் செயினையும் மாற்ற வேண்டும். பிட்ச், கேஜ், செயினின் அடிப்பக்கப் பற்களின் எண்ணிக்கை மூன்றும் பொருந்தணும். பெரும்பாலும் இவை பாரின் பின்முனையிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துப் பாருங்கள்.