கணிப்பொறி விளையாட்டில் ஒளிக்கதிர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

அறிவியலின் வளர்ச்சி மனிதனின் தொழிலை மட்டுமன்றி அவனது பொழுதுபோக்கையும் மாற்றியுள்ளது. தாயமும் பல்லாங்குழியும் ஆடிய நம் வீடுகளில் இன்று கணிப்பொறி விளையாட்டுகள் இடம் பிடித்துவிட்டன. அவ்விளையாட்டுகளின் அமைப்புப் பட்டியலைத் திறந்தால் நிழல், எதிரொளிப்பு, படத் தெளிவு என ஒரு நீண்ட வரிசை தோன்றும். அவ்வரிசையில் 'ரே டிரேசிங்' என்ற சொல்லும் இப்போது சேர்ந்துள்ளது. அதனை இயக்கினால் படம் அழகு பெறுகிறது. ஆனால் விளையாட்டின் ஓட்டம் தளர்கிறது. இதற்குக் காரணம் யாது என்பதை நாம் வகுப்பில் பயிலும் ஒளியியலைக் கொண்டே விளக்க முற்படுகிறேன்.

இருவகை முறைகள்

விளையாட்டில் காணப்படும் மலை, மரம், மனிதன் யாவும் சிறு சிறு முக்கோணங்களால் ஆனவை. பழைய முறையில் ஒவ்வொரு முக்கோணமும் திரையின்மீது வீழ்த்தப்பட்டு, அது மறைக்கும் பிக்சல்களுக்கு வண்ணம் பூசப்படும். இது மிக விரைவான முறை. ஆயினும் ஒரு முக்கோணத்திற்கு வண்ணம் பூசும்போது அதன் அருகில் இருப்பது எது என்பது கணக்கில் வருவதில்லை. எனவே நிழலையும் எதிரொளிப்பையும் தனித்தனி உத்திகளால் உண்டாக்க வேண்டியுள்ளது.

நமது ஏற்காடு ஏரியையே எடுத்துக்கொள்வோம். படகுத் துறையில் நின்றால் எதிர்க்கரை மரங்கள் நீரில் தலைகீழாகத் தெரியும். பழைய முறையின் உத்திகளுள் ஒன்று, திரையில் ஏற்கெனவே வரையப்பட்ட மரத்தின் படத்தையே எடுத்து நீரில் கவிழ்த்து ஒட்டுவது. விளையாடுபவர் பார்வையைத் தாழ்த்தி நீரை மட்டும் நோக்கினால் மரம் திரையைவிட்டு நீங்கும்; உடனே நீரிலுள்ள அதன் உருவமும் மறைந்துவிடும்! இயற்கையிலோ நாம் தலை குனிந்தாலும் உருவம் நீரிலேயே இருக்கிறது.

கதிரைத் தொடரும் முறையில் இக்குறை இல்லை. கதிரவனிடமிருந்து புறப்படும் கதிர்களில் நம் கண்ணை அடைவன மிகச் சிலவே. எனவே, ஒளிப்பாதையின் மீள்தன்மையைப் பயன்படுத்தி, கண்ணிலிருந்து ஒவ்வொரு பிக்சல் வழியாகவும் ஒரு கதிர் பின்னோக்கி அனுப்பப்படுகிறது. அது நீரில் பட்டால், படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்ற விதிப்படி திரும்பி மரத்தைத் தேடிச் செல்லும். கண்ணாடியில் பட்டால் ஸ்நெல் விதிப்படி விலகும். பட்ட இடத்திலிருந்து விளக்கை நோக்கி மற்றொரு கதிர் செல்லும். இடையில் தடை இருப்பின் அவ்விடம் நிழலாகும்.

சிறிது வரலாறு

1968இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஆர்தர் அப்பெல் கதிர்களைக் கொண்டு நிழலிட்ட படம் வரையும் முறையை வெளியிட்டார். பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டர்னர் விட்டெட் 1980இல் வெளியிட்ட கட்டுரை, எதிரொளிப்பையும் ஒளிவிலகலையும் இம்முறையில் சேர்த்தது. 640 × 480 பிக்சல் கொண்ட அவரது கோளப் படம் ஒன்றை வரைய அன்றைய கணிப்பொறி 74 நிமிடம் எடுத்துக்கொண்டது. 2018இல் என்விடியா நிறுவனம் கதிர்க்கணக்கிற்கெனத் தனி உறுப்புகள் கொண்ட வரைகலை அட்டைகளை விற்பனைக்குக் கொண்டுவந்த பின்னரே இம்முறை விளையாட்டுகளில் பரவியது.

கணக்கு எளிது, எண்ணிக்கை பெரிது

ஒரு கதிர் கோளத்தில் படுகிறதா என்பதை அறிய ஓர் இருபடிச் சமன்பாடு போதும். கண்ணிற்கு நேர் எதிரே 5 மீட்டர் தொலைவில் மையமும் 3 மீட்டர் ஆரமும் கொண்ட கோளம் இருப்பதாகக் கொள்வோம். நேராகச் செல்லும் கதிருக்கு மூலங்கள் 2, 8 எனக் கிடைக்கும். 2 என்பது முன்பக்கம். நாம் காண்பது அதுவே. கோளத்தைப் பக்கவாட்டில் 3 மீட்டர் நகர்த்தினால் தன்மைகாட்டி சுழியாகும். கதிர் தொட்டுச் செல்லும். 4 மீட்டர் நகர்த்தினால் அது குறை எண்ணாகும்; கதிர் படாது.

முக்கோணத்திற்கும் இதுபோன்ற எளிய கணக்கே உண்டு. ஆனால் 10 லட்சம் முக்கோணங்களையும் ஒவ்வொரு கதிருக்கும் சோதிக்க இயலுமா? இதற்காக அவற்றைப் பெட்டிகளுக்குள் பெட்டிகளாக அடுக்குகின்றனர். கதிர் ஒரு பெட்டியில் படவில்லையெனில் அதனுள் உள்ள அனைத்தையும் தள்ளிவிடலாம். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொரு வளைவிலும் தேட வேண்டியதில் பாதி கழிவதாகக் கொண்டால், 20ஆவது வளைவில் 10,48,576 பொருள்களுள் ஒன்று மட்டுமே எஞ்சும். சில வேளை கதிர் இரு பாதிகளையும் தேட நேரும் என்றாலும் உழைப்பு பெரிதும் குறைகிறது.

அப்படியும் சுமை சிறிதன்று. 1920 × 1080 திரையில் 20,73,600 பிக்சல்கள் உள்ளன. வினாடிக்கு 60 பிரேம். பிக்சலுக்கு மூன்றே கதிர்கள் எனினும் வினாடிக்கு 37 கோடிக்கு மேற்பட்ட கதிர்கள் வேண்டும். ஆகவே விளையாட்டுகளில் சில கதிர்களே அனுப்பப்படுகின்றன. அதனால் படத்தில் தோன்றும் புள்ளி இரைச்சல் பின்னர் வடிகட்டப்படுகிறது.

எல்லாக் காட்சிக்கும் செலவு ஒன்றன்று. சில்வர் ஓக் நிழலில் வளரும் நமது காப்பித் தோட்டம் கதிருக்குக் கடினமான இடம். இலைகளின் இடுக்குகளில் கதிர் நுழைகிறதா, தடைபடுகிறதா என்று மீண்டும் மீண்டும் சோதிக்க வேண்டும். மூடுபனியோ இன்னும் கடினம். அங்கு ஒளி பரப்பில் மட்டுமன்றி வழியெங்கும் சிதறுகிறது.

எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது?

பிரேம் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் ஓர் அமைப்பின் செலவை அளந்தால் ஏமாறுவோம். 120 பிரேம் 80 ஆகக் குறைந்தால் இழப்பு 40. 60 பிரேம் 48 ஆகக் குறைந்தால் இழப்பு 12. ஆனால் ஒரு பிரேமுக்கான நேரத்தைக் கணக்கிட்டால் இரண்டிலும் கூடியது ஏறத்தாழ 4.17 மில்லி வினாடியே. எனவே நேரத்தால் அளப்பதே முறை. ஒவ்வோர் அமைப்பையும் தனியே மாற்றி, ஒரே இடத்தில் நின்று அளக்க வேண்டும்.

பரப்பின் நுணுக்கப் படங்களை உயர்த்துவதால், அட்டையின் நினைவகம் நிரம்பாதவரை, வேகம் அதிகம் குறைவதில்லை. நிழலும் எதிரொளிப்பும் நேரத்தை உண்பவை. குறைந்த பிக்சல்களில் வரைந்து பின்னர் பெரிதாக்கும் முறையால் கதிர்களின் எண்ணிக்கையும் குறையும். 4கே திரையின் பிக்சல்கள் 1080 திரையினதைப்போல் நான்கு மடங்கு என்பதை நினைவிற்கொள்க.

விலையும் அறிவும்

உயர்ந்த வரைகலை அட்டை ஒன்றின் விலை, தோட்டத்தில் நாள்கூலி பெறுவோரின் பல மாத வருமானமாகும். 2024இல் வெளிவந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்' போன்ற விளையாட்டுகள் கதிர்க்கணக்கு உறுப்பு இல்லாத அட்டைகளில் இயங்குவதே இல்லை. அங்கே குறைக்க அமைப்பு ஏதுமில்லை. வாங்க வேண்டும், அல்லது விலக வேண்டும். வீட்டில் அட்டை கேட்டு அடம்பிடிக்கும் தம்பிமார்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அழகிற்குக் கதிர் ஒன்றே வழியன்று. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலைக் கதையாக்கிய 'வெண்பா' என்னும் விளையாட்டு, தட்டையான ஓவியங்களாலேயே அமைந்தது. 2023இல் வெளிவந்த அது, 2024இல் பாஃப்டாவின் முதல் படைப்புக்கான விருதைப் பெற்றது.

2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் என் போன்றோர் வீடுகள் பலவற்றில் முதல் கணிப்பொறி நுழைந்தது. அன்று தரப்பட்டவற்றில் கதிர்க்கணக்கு உறுப்பு கிடையாது. ஆயினும் மேலே கண்ட இருபடிச் சமன்பாட்டை நிரலாக எழுதி, கோளம் ஒன்றை அதன் நிழலோடு அதிலேயே வரையலாம். விட்டெட் காத்திருந்த 74 நிமிடம்கூட நாம் காத்திருக்க வேண்டியதில்லை. விளையாட்டை வாங்கப் பொருள் வேண்டும். அதன் உள்ளிருக்கும் இயற்பியலைக் கற்க நம் வகுப்பறையும் ஒரு பழைய மடிக்கணினியும் போதும். ஆர்வமுள்ள நண்பர்கள் முயன்று பார்ப்பார்களாக!